நாற்றத்தை மூடாதீர்கள், தேடுங்கள்



கோடை விடுமுறை முடிந்து வீடு திரும்பும் மாதம் இது. சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் தொழில் பார்க்கிற கீழக்கரை, தொண்டிக் குடும்பங்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறக்கிற நேரமும் இதுதான். கதவைத் திறந்ததும் ஒரு நாற்றம் முகத்தில் அடிக்கிறது. தரையைக் கழுவுகிறோம், பினாயில் ஊற்றுகிறோம், சாம்பிராணி போடுகிறோம். அடங்கினது போல இருந்துவிட்டு மறுபடி கிளம்புகிறது. அதற்கு நம் கரையில் எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "கடக்கரை ஊருன்னா அப்படித்தான் இருக்கும்."

அந்தப் பதிலோடு நின்றுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். கடல் மேல் பழி போடுவது எளிது. ஆனால் வீட்டில் விடாமல் வீசும் நாற்றத்துக்கு ஒரு காரணம் உண்டு, ஓர் இடம் உண்டு. தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். தேடாமல் மூடினால் சில சமயம் உயிருக்கே ஆபத்து.

கடலே காரணமாக இருந்ததும் உண்டு. 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் தென்கடல் பச்சையாக மாறியது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. கரையெல்லாம் நாறியது. கடல்நீரை எடுத்துச் சோதித்த விஞ்ஞானிகள், நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிரி அளவில்லாமல் பெருகியதே காரணம் என்று கண்டார்கள். நம் மீனவர்கள் பூங்கோரை என்று சொல்வது இதைத்தான். இது பெருகி, மடிந்து, அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. மூச்சுவிட வழியில்லாமல் மீன் சாகிறது. அந்த முறை அங்கிருந்த பவளங்களும் மடிந்ததைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். 2008 அக்டோபரிலும் இதே கடலில் இப்படி நடந்திருக்கிறது. கரை நாறியபோது "கடல்னா அப்படித்தான்" என்று விட்டிருந்தால் பவளம் செத்த கதை நமக்குத் தெரியாமலே போயிருக்கும். தண்ணீரை எடுத்துப் பார்த்ததால்தான் காரணம் தெரிந்தது. கடலுக்கே அப்படி என்றால், நாலு சுவருக்குள் இருக்கும் வீட்டை விட்டுவிடலாமா?

முதலில், வெளியிலிருந்து வருகிறதா, உள்ளேயிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு பக்கத்து வாடை வரும், வாடைக்காற்றுக் காலத்தில் இன்னொரு பக்கத்து வாடை வரும். வடகடல் ஓரத்தில் ஒதுங்கி அழுகும் கடற்புல்லின் நெடியைத் தெரியாதவர்கள் நம்மில் யார்? அந்த நாற்றம் காற்று திரும்பினால் போய்விடும். ஜன்னலைச் சாத்தினால் குறையும். ஜன்னலைச் சாத்தியதும் கூடுகிறது என்றால் குறை வீட்டுக்குள் இருக்கிறது. எந்த நேரம் வீசுகிறது, காற்று எந்தத் திசை, மழை பெய்ததா, மோட்டார் ஓடியதா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

இன்னொன்று. நம் மூக்கு ஒரே மணத்தை முகர்ந்துகொண்டே இருந்தால் சில நிமிடங்களில் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதனால்தான் விருந்தாளிக்குத் தெரிகிற நாற்றம் வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை. கொஞ்ச நேரம் தெருவில் நின்றுவிட்டு உள்ளே வாருங்கள். எல்லா அறைக் கதவுகளையும் ஓர் இரவு சாத்திவைத்து, காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பாருங்கள். பள்ளிவிட்டு வரும் பிள்ளையைக் கேளுங்கள்.

மீன் கவிச்சிக்கு வருவோம். கடல் மீனின் உடம்பில் இருக்கும் ஒரு பொருள், மீன் செத்தபின் பாக்டீரியாவால் டிரைமெத்திலமீன் ஆக மாறுகிறது. கவிச்சி என்பது அதுதான். அது காரத்தன்மை கொண்டது. புளிப்புப் பட்டால் அதோடு சேர்ந்து உப்பாகி, காற்றில் பறக்காமல் அடங்கிவிடும். மீன் கழுவிய கையிலும் சட்டியிலும் புளியைத் தேய்க்கிற நம் வீட்டுப் பெண்களின் பழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் ரசாயனம் இதுவே. ஆகவே புளிக்கும் எலுமிச்சைக்கும் போகிற வாடை மீன் வாடை. மீனே வாங்காத நாளில், சுவரோரமாக மீன் கவிச்சி அடித்தால் மிகவும் கவனமாக இருங்கள். பிளக் பாயின்ட், சுவிட்ச், ஒயரின் மேலுறை ஆகியவற்றில் சேரும் சில வகைப் பிளாஸ்டிக்குகள் அளவுக்கு மீறிச் சூடாகும்போது மீன் கவிச்சி போலவே நாறும். நம் ஊர் உப்புக் காற்றில் செம்பு ஒயரின் முனையில் களிம்பு ஏறுகிறது, திருகுகள் துருப்பிடிக்கின்றன, இணைப்பு தளர்ந்து சூடேறுகிறது. வேறு ஊரில் இந்த நாற்றம் வந்தால் வீட்டார் திகைப்பார்கள். மீன் மணத்துக்குப் பழகிய நாம் பேசாமல் இருந்துவிடுவோம். அதுதான் என் கவலை. சந்தேகம் வந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழுப்பேறிய பிளக்கை மறுபடி பயன்படுத்தவே வேண்டாம்.

அடுத்தது சமையல் எரிவாயு. அதற்கென்று மணம் கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே எத்தில் மெர்காப்டன் என்ற நாறும் பொருளைக் கலக்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், மணமில்லாத இயற்கை எரிவாயு கசிந்து, தரைக்கு அடியில் சேர்ந்து வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். எரிவாயுவில் நாற்றம் சேர்த்தே ஆக வேண்டும் என்று அதன் பிறகு அங்கே சட்டம் வந்தது. நம் வீட்டு சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் படரும். அழுகிய முட்டைக்கோஸ் போன்ற நெடி அடுப்படியில் கீழ்ப்பக்கம் தெரிந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். அந்த நேரத்தில் நாற்றம் போகட்டும் என்று ஓர் ஊதுபத்திக்குத் தீக்குச்சி கிழித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இவை இரண்டும் இல்லை என்று உறுதியான பிறகு நிதானமாகத் தேடலாம்.

பூட்டிய வீட்டைத் திறந்ததும் வருகிற நாற்றத்துக்கு மிகச் சாதாரணமான காரணம், குளியலறைச் சல்லடைக்குக் கீழே தண்ணீர் வற்றிப்போவது. கழிவுநீர் போகும் வழியில் ஒரு வளைவு இருக்கும். பிளம்பர்கள் ட்ராப் என்பார்கள். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, சாக்கடை வாயு மேலே ஏறாமல் தடுக்கும். லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் 1775இல் கழிப்பறைக்கு இந்த வளைவை வைத்துக் காப்புரிமை பெற்றார். இன்று உலகம் முழுவதும் வீடுகள் நாறாமல் இருப்பதற்கு அந்தக் கொஞ்சம் தண்ணீரே காவல். நம் ஊர் வெயிலிலும் காற்றிலும் பூட்டிய வீட்டில் அது காய்ந்துவிடுகிறது. ஒவ்வொரு சல்லடையிலும், வாஷ்பேசினிலும், பயன்படுத்தாத கழிப்பறையிலும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் பாருங்கள். பல வீடுகளில் தேடல் அங்கேயே முடிந்துவிடும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தண்ணீர் ஊற்றி, சல்லடையைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, மேலே கனம் வைத்துவிட்டுப் போங்கள்.

அழுகிய முட்டை நாற்றம் குழாயைத் திறக்கும்போது மட்டும் வந்தால், சாக்கடையா தண்ணீரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து முற்றத்துக்கு எடுத்துப் போய் முகருங்கள். அங்கே நாறவில்லை என்றால் குற்றம் பேசினின் ஓட்டையில். டம்ளரிலும் நாறினால் தண்ணீரில். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் உண்டு. அது கலந்த நிலத்தடி நீரில், காற்றுப் புகாத ஆழத்தில், சில பாக்டீரியாக்கள் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. வெந்நீர் மட்டும் நாறினால் கீசருக்குள் இருக்கும் மெக்னீசியத் தண்டு காரணமாக இருக்கலாம். பக்கத்து வீட்டு போர்வெல்லில் இல்லையே என்று நினைக்க வேண்டாம். ராமேஸ்வரம் ராமநாதசுவாமி கோயிலுக்குள் அடுத்தடுத்து இருக்கும் 22 தீர்த்தங்களிலும் சுவை ஒன்றுபோல் இல்லை என்று நீராடியவர்கள் சொல்வார்கள். நம் மண் அப்படி. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிட்டு, என்ன செய்வதென்று முடிவெடுங்கள்.

பரணில் செத்த எலியைத் தேட, ஈ எங்கே மொய்க்கிறது என்று பாருங்கள். ஃபிரிட்ஜின் பின்னால் கீழே இருக்கும் தண்ணீர்த் தட்டு, ஏசியின் வடிகுழாய், கூடையின் அடியில் அழுகிய ஒற்றை உருளைக்கிழங்கு, ஈரம் காயாத மிதியடி, இவற்றையும் விடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் நாற்றம் வருகிறதென்றால் செப்டிக் டேங்கை நினைக்க வேண்டும். ராமேஸ்வரம் தீவு போன்ற மணல் பூமியில் மழைக்கு நிலத்தடி நீர் மேலே வரும், உறிஞ்சுகுழி உறிஞ்சாது. மேலே போகும் காற்றுக் குழாய் உடைந்தோ அடைத்தோ இருக்கலாம். மாடியிலிருந்து பார்த்தாலே அது தெரிந்துவிடும். ஆனால் யாரையும் தொட்டிக்குள் இறங்கச் சொல்லாதீர்கள். இதை மனதார வேண்டுகிறேன். ஹைட்ரஜன் சல்பைடு மிகக் கொஞ்சமாக இருக்கும்போது கடுமையாக நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஏறினால் முகரும் நரம்பையே மரத்துப்போக வைக்கும். நாற்றம் நின்றுவிட்டது, இறங்கலாம் என்று தோன்றும் அந்த நொடிதான் ஆளைக் கொல்கிறது. முதலில் இறங்கியவரைக் காப்பாற்றப் போனவரும் சாகிறார். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. சாக்கடையிலும் தொட்டியிலும் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. பணம் எந்த உயிருக்கும் ஈடாகாது. இயந்திர வண்டியைக் கூப்பிடுங்கள். அதற்கு 14420 என்ற எண் இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துவிட்டால் அவசரமே வராது.

கடைசியாக மனதில் உள்ள ஒன்று. காரணம் தெரியாத நாற்றத்தை நாம் கடல் மீது மட்டும் போடுவதில்லை, மனிதர்கள் மீதும் போடுகிறோம். "அடுத்த வீட்டுல கருவாடு காயப் போடுறாக" என்கிறோம். நன்றாகக் காய்ந்த கருவாட்டுக்கு அதன் மணம் உண்டு, அழுகல் நாற்றம் கிடையாது. 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய ஒரு மூதாட்டியை நாறுகிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த அம்மா அழுத அழுகையைத் தமிழ்நாடே பார்த்தது. உழைத்து வருகிறவரின் உடம்பில் ஒட்டிய மீன் மணம் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாது. நம் சல்லடைக்கும் தொட்டிக்கும் பிளக்குக்கும் உள்ள குறையைத் தேடிப் பார்க்காமல் அடுத்தவர் தொழிலைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஆகவே, வாசகர்களே, இந்த மாதம் வீட்டில் ஒரு நாற்றம் நின்றால் சாம்பிராணியை எடுப்பதற்கு முன் ஒரு தாளையும் பேனாவையும் எடுங்கள். காரணத்தைக் கண்டுபிடித்ததும் அதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லுங்கள், எங்களுக்கும் எழுதுங்கள். ஏர்வாடியில் ஒரு வீட்டில் கிடைத்த விடை, தங்கச்சிமடத்தில் இன்னொரு வீட்டுக்கு உதவும். அப்படி வரும் கடிதங்களை இந்த இதழில் வெளியிடுவது எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்