சிவப்பை எங்கே வைப்பது?



எமது தையல் வகுப்பில் துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கத் தொடங்கியிருக்கிறோம். ஒரு சகோதரி காலஞ்சென்ற கணவரின் நீலச் சேட்டையும் சாரத்தையும் கொண்டுவந்தார். வெட்ட மனமில்லாமல் நெடுநேரம் மடியிலேயே வைத்திருந்தார். பின்பு வெட்டி, நீலம், சாம்பல், வெள்ளை என்று மட்டும் அடுக்கினார். ஆனால் அவரது கண் மேசையில் கிடந்த சிவப்புச் சீத்தைத் துண்டிலேயே நின்றது. எடுக்கச் சொன்னேன். "நான் சிவப்பு வைச்சால் சனம் என்ன சொல்லும், மிஸ்?" என்றார்.

அவருக்கு ஒரு கதை சொன்னேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களின் சந்ததியினர் வாழும் ஏழைக் கிராமம். அங்கு மிசூரி பெட்வே என்ற பெண், 1942இல் கணவர் இறந்தபின் அவரது வேலை உடுப்புகளை வெட்டிப் போர்வையாகத் தைத்தார். அவரை நினைத்துப் போர்த்திக்கொள்வதற்காகவே தைத்தார். 2002இல் அவ்வூர்ப் பெண்களின் போர்வைகள் நியூயோர்க் நகரின் விற்னி அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கின. குளிருக்காகப் பழந்துணியில் தைத்தவைதான். நிறத்தையும் இடத்தையும் அந்தப் பெண்களே தீர்மானித்தார்கள்.

நாம் எப்படித் தீர்மானிப்பது? தைப்பதற்கு முன் துண்டுகளைப் பாயில் பரப்புங்கள். சற்றுத் தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எது இருண்டது, எது வெளிறியது என்பது தெளிவாகும். இருண்டவை ஒரு மூலையில் குவிந்தால் போர்வை அந்தப் பக்கம் சரிந்ததுபோல் இருக்கும். அவற்றைப் பரவலாக வையுங்கள்.

சமநிலை என்றால் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமென்பதல்ல. தராசில் சிறிய படிக்கல்லுக்குப் பெரிய பஞ்சுப்பொதி ஈடாவதுபோல, சிறிய சிவப்புத் துண்டுக்குப் பெரிய வெளிர்நீலத் துண்டு ஈடாகும். சிவப்பை ஓரிடத்தில் மட்டும் வைத்தால் சிலவேளை கறைபோலத் தெரியும். மூன்று இடங்களில் முக்கோணமாக வைத்தால் கண் போர்வை முழுவதும் உலாவும். இடையிடையே வெளிறிய துண்டுகள் இருந்தால் கண்ணுக்கு ஆறுதல்.

சிவப்புத் துணியை முதலில் தனியாகக் கழுவிக் காயவிடுங்கள். சாயம் போனால் மற்றவை கெடும். பழந்துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நைந்த இடத்தை விட்டுவிட்டு வெட்டுங்கள்.

அன்று பின்னேரம் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின், அந்தச் சகோதரி மூன்று சிவப்புத் துண்டுகளை நீலத்தின் நடுவே வைத்தார். ஒன்றை எடுத்தார். திரும்பவும் வைத்தார். "இவருக்கு இந்த நிறம் விருப்பம்" என்றார். சற்றுப் பொறுத்து, "எனக்கும்தான்" என்றார்.

மறுநாள் வந்து தைத்தார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா மட்டும், மீதிச் சிவப்புத் துணி இருக்கிறதா என்று கேட்டார்.

அடுத்த மாதம் போர்வைக்கு அடித்துணி வைத்துத் தைப்பதைப் பார்ப்போம்.