துளசிக்கு எர்த் கொடுத்த கதை

நடுத்தர வர்க்கத்துக்கு லட்சுமணன் போட்ட கோடு எது தெரியுமா? இரண்டு மாதத்துக்கு 500 யூனிட். அதைத் தாண்டினால் 501-வது யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறாது. முன்னால் ஓடியதற்கும் சேர்த்து ஏறும். கணக்கெடுக்க வருகிற வாரத்தில் எங்கள் வீட்டில் ஏ.சி. ரிமோட் என் சட்டைப் பையில்தான் தூங்கும்.

இந்த அவஸ்தைக்கு முடிவு கட்டத்தான் மயிலாப்பூர் வீட்டு மொட்டை மாடியில் சோலார் வைப்பதென்று தீர்மானித்தேன். மத்திய அரசு 2024 பிப்ரவரியில் அறிவித்த திட்டத்தில் மானியம் உண்டு. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000. அதற்கு மேல் மாடி முழுக்க அடுக்கினாலும் அதே 78,000தான். ஆகவே மூன்று.

முதல் ஆட்சேபணை மாமியாரிடமிருந்து வந்தது. "வடாம் எங்கே காயப் போடறது?" இரண்டாவதும் அவரிடமிருந்துதான். "தெற்குப் பார்த்தா வைக்கப் போறேள்? யமன் திசையாச்சே!" சென்னை பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது, சூரியன் வருஷத்தில் பெரும்பாலும் நமக்குத் தெற்குப் பக்கமாகத்தான் போகிறார் என்று விளக்கினேன். "சூரியனோட பிள்ளைதானே யமன்" என்றார். கேஸ் அதோடு முடிந்தது.

கான்ட்ராக்டர் இரண்டு பையன்களை அனுப்பினார். இரண்டு நாளில் வேலை முடிந்தது. காபி சாப்பிட்ட நேரத்தைக் கழித்தால் ஒன்றரை நாள். ஆறு பேனல், ஒரு இன்வெர்ட்டர், சுவரோடு இறங்கும் பச்சை வயர். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

"மின்வாரியத்திலேர்ந்து வந்து பார்ப்பாங்க சார். சும்மா ஃபார்மாலிட்டி. ஏதாவது கேட்டா எனக்கு ஒரு போன் அடிங்க" என்றார் கான்ட்ராக்டர். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "அந்தப் பார்வையைச் சீக்கிரம் முடிக்க வழி இருக்கா?" என்று கேட்டவன் நான். அவர்கள் பார்த்து, மீட்டரை மாற்றி, ரிப்போர்ட் போட்டால்தான் மானியம் வரும். 78,000 ரூபாய் கண்ணில் ஆடும்போது எர்த்தாவது, ஆகாயமாவது!

வந்தவர் முப்பது வயதுக்குள் ஒரு பெண் என்ஜினீயர். காபி வேண்டாம் என்றார். அப்போதே எனக்கு லேசாக உதறல். நேராக மாடி ஏறினார். பேனலின் பின்பக்கம் குனிந்து லேபிளைப் படித்து, எண்களைக் குறித்துக்கொண்டார். மானியம் வேண்டுமென்றால் பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டுமாம். அதில் பாஸ்.

அடுத்து ஸ்டாண்டின் காலைப் பிடித்து ஆட்டினார். அது ஆடியது.

"காத்துன்னா எவ்வளவு காத்து சார் தாங்கணும்?"

"நல்ல காத்து" என்றேன்.

சென்னைக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் ஊர் மரங்களை வேரோடு சாய்த்த மத்தியானம் ஞாபகம் வந்தது. இருபத்தைந்து கிலோ கண்ணாடித் தகடு ஒன்று எங்கள் மாடியிலிருந்து கிளம்பிப் பக்கத்து வீட்டுக்காரரைத் தேடிப் போவதை ஒரு தடவை கற்பனை செய்து பார்த்துக்கொண்டேன்.

பிறகு மெயினை அணைக்கச் சொன்னார். இன்வெர்ட்டரும் கப்பென்று நின்றுவிட்டது.

"என்ன மேடம், கரண்ட் போனா இது ஓட வேண்டாமா? அதுக்குத்தானே வைக்கிறோம்?"

"ஓடக்கூடாது சார். கரண்ட் போச்சுன்னா எங்க ஆள் ஒருத்தர் கம்பத்துல ஏறியிருக்கலாம். லைன்ல கரண்ட் இல்லைன்னு நம்பிக் கை வைப்பார். உங்க மாடியிலேர்ந்து கரண்ட் போனா அவர் வீட்டுக்கு யார் பதில் சொல்றது?"

நான் பேசவில்லை. இரண்டு விநாடிக்குள் அது தானாக விலகிவிட வேண்டும் என்பது விதியாம். பேட்டரி வைத்த தனி ஏற்பாடு இருந்தால்தான் மின்வெட்டில் விளக்கு எரியும். இதை விற்ற யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"எர்த் குழி எங்கே சார்?"

பச்சை வயரைப் பெருமையோடு காட்டினேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டே படி இறங்கினார். வயர் பைப்போடு வளைந்து, முற்றத்தில் துளசி மாடத்துக்குப் பின்னால் மறைந்தது. லேசாக இழுத்தார். களைச்செடி மாதிரி கையோடு வந்துவிட்டது! நுனியில் இரண்டங்குலச் செம்புக் கம்பி. அதைத் தொட்டி மண்ணில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். சிமெண்ட் தொட்டி. அதற்குக் கீழே டைல்ஸ். பூமாதேவிக்கும் அந்த வயருக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது.

"மூணு எர்த் வேணும் சார். பேனல் பக்கம் ஒண்ணு, இன்வெர்ட்டருக்கு அப்புறம் ஏ.சி. பக்கம் ஒண்ணு, இடிதாங்கிக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணும் 5 ஓமுக்குள்ள இருக்கணும். உங்களுக்கு ஒண்ணுகூட இல்லை. ஒரு துளசிதான் இருக்கு."

வீட்டுக் கரண்டுக்கும் பேனல் கரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வீட்டுக் கரண்ட் விநாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டு மூச்சு விடும். அதனால் பொறி பறந்தாலும் அணைய வாய்ப்பு உண்டு. பேனல் தருவது டி.சி. அது மூச்சே விடாது. ஆறு பேனலைத் தொடராகக் கோர்த்தால் கிட்டத்தட்ட 300 வோல்ட். லூஸ் கனெக்‌ஷனில் பொறி பிடித்தால் எரிந்துகொண்டே இருக்கும். வெயில் இருக்கும்வரை பேனலை அணைக்க ஸ்விட்ச் கிடையாது. சூரியனுக்கு ஏது ஸ்விட்ச்? எங்காவது வயர் உரிந்து சட்டத்தில் கசிந்தால் அது பூமிக்குப் போக ஒரு வழி வேண்டும். எங்கள் வீட்டில் அது துளசித் தொட்டிவரை வந்து, காத்திருக்கும்.

ரிப்போர்ட்டில் 'சரி செய்த பின் மறு ஆய்வு' என்று எழுதிவிட்டுப் போனார். கான்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். "மேடம் புதுசு சார். அதான் ரூல்ஸ் பேசறாங்க. நான் பார்த்துக்கறேன்" என்றார். எனக்கும் அந்தப் பெண் மேல் ஒரு ஐந்து நிமிஷம் கோபம் இருந்தது. அப்போது என் மனைவி, இழுத்துப் போட்ட அந்த வயரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"தினம் காலம்பர வெறுங்காலோட அந்தத் தொட்டிக்குத் தண்ணி ஊத்தறது நான்தானே?"

ஆறாவது நிமிஷத்திலிருந்து கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. முக்கால்வாசி என் மேல்.

2024-ல் விதியைத் திருத்தி, 10 கிலோவாட் வரை மனு போட்டால் தனி சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே ஏற்றதாகக் கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். நல்ல காரியம்தான், அலைச்சல் மிச்சம். ஆனால் பேப்பரில் ஒரு பார்வை குறைந்தால், மாடிக்கு வருகிற பார்வைக்கு மதிப்பு கூடுகிறது என்று அர்த்தம். அதையும் ஃபார்மாலிட்டி ஆக்கிவிட்டால் பாக்கி இருப்பது பகவான்தான்.

எனவே வைக்கப் போகிறவர்களே, மூன்று விஷயம். எர்த் குழியைத் தோண்டும்போது கூட நின்று கண்ணால் பாருங்கள். ஓம் அளவை எழுதி வாங்குங்கள். மறு ஆய்வு முடிகிறவரை கடைசித் தவணையைக் கையிலேயே வைத்திருங்கள். என் கான்ட்ராக்டர் மூன்று குழியும் தோண்டிக் கொடுத்ததற்குக் காரணம் அவர் மனசாட்சி அல்ல, அந்தத் தவணை.

அதே பெண்தான் மறுபடி வந்தார். அளந்து பார்த்தார், ஸ்டாண்டை ஆட்டிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை காபியும் சாப்பிட்டார். மீட்டர் மாறியது, மானியமும் வந்தது. ரிமோட்டுக்கு என் சட்டைப் பையிலிருந்து விடுதலை.

மாமியாருக்கு மட்டும் ஒரு குறை.

"அந்தக் கம்பி இருந்தப்போ துளசி இன்னும் கொஞ்சம் செழிப்பா இருந்துது மாப்பிள்ளை."