‘ரத்து’ அழுத்தினால் எதுவும் மாறக் கூடாது

சில மாதங்களுக்கு முன், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கைப்பேசியும் கையுமாக என் மேசைக்கு வந்தார். பேரனின் விடுதிக் கட்டணத்தை 5ஆம் தேதி அனுப்புவதற்காக ஒரு செயலியில் விவரங்களை நிரப்பியிருக்கிறார். 5ஆம் தேதி என்ன கிழமை என்று பார்க்க நாட்காட்டிப் பெட்டியைத் திறந்தவர், பார்த்ததும் ‘ரத்து’ பொத்தானை அழுத்தி வெளியே வந்துவிட்டார். ஆனால், தேதிக் கட்டத்தில் 5 மறைந்து அன்றைய தேதி வந்து அமர்ந்துவிட்டது. அதைக் கவனியாமல் ரகசிய எண்ணை இட்டு உறுதி செய்தார். பணம் அன்றே போய்விட்டது. மறுநாள் வந்த காப்பீட்டுத் தவணைக்குக் கணக்கில் இருப்புப் போதவில்லை. தவணை திரும்பியதோடு அதற்கான கட்டணமும் பிடிக்கப்பட்டது.

“நான் ரத்து என்றுதானே சார் அழுத்தினேன்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி முழுவதும் நியாயமானது.

நான் வணிகவியல் படித்தவன். மென்பொருள் அறிந்தவன் அல்லன். எனவே தொழில்நுட்பப் பிரிவில் உள்ள நண்பரிடம் விளக்கம் கேட்டேன். நாட்காட்டிப் பெட்டியை மூன்று வழிகளில் மூடலாம்: ‘சரி’ அழுத்தலாம், ‘ரத்து’ அழுத்தலாம், பின்செல்லும் பொத்தானை அழுத்தியோ பெட்டிக்கு வெளியே தொட்டோ விலகலாம். இவற்றுள் முதல் வழியில் மட்டுமே தேதி மாற வேண்டும். மற்ற இரண்டிலும் முன்பிருந்த தேதி அப்படியே நிற்க வேண்டும். கட்டம் காலியாக இருந்திருந்தால் காலியாகவே இருக்க வேண்டும். பெட்டி எப்படி மூடப்பட்டது என்று பாராமல், அப்போது அதில் தெரிந்த தேதியைச் செயலி எடுத்துக்கொண்டால் இத்தகைய பிழை நேரும். 2012இல் வெளியான ஆண்ட்ராய்டு 4.1 பதிப்பிலேயே, பெட்டியைத் தேர்வு செய்யாமல் மூடினாலும் தேதி தேர்ந்தெடுக்கப்பட்டதாகச் செயலிக்குத் தகவல் போகும் குறை இருந்தது. மென்பொருளாளர்கள் தத்தம் செயலிகளில் அதற்குத் தனியே மாற்று வழி எழுத நேர்ந்தது.

கணக்கியலில் இதற்கு நெடுநாளைய விதி ஒன்று உண்டு: வவுச்சர் இல்லாமல் பேரேட்டில் பதிவு இல்லை. வாடிக்கையாளர் ‘சரி’ என்று சொல்வதே செயலிக்கு வவுச்சர். அது இல்லாதபோது எழுதப்படும் தேதி, எவரும் ஒப்பமிடாத பதிவுக்குச் சமம்.

நேர்மாறான அச்சமும் சிலருக்கு உண்டு. ‘ரத்து’ அழுத்தினால் வைப்புத்தொகையே ரத்தாகிவிடுமோ என்று பயந்து, வேண்டாத தேதிக்கும் ‘சரி’ அழுத்திவிடுகிற முதியவர்களைக் கண்டிருக்கிறேன். வங்கியில் ‘ரத்து’ என்பது கனமான சொல். காசோலையை, வரைவோலையை, நிலையான அறிவுறுத்தலை ரத்து செய்கிறோம். நாட்காட்டியை மூடுவதற்கும் அதே சொல் எதற்கு? ‘மாற்றாமல் திரும்பு’ என்று எழுதினால் எவருக்கும் ஐயம் எழாது.

உறுதி செய்யுமுன் சரிபார்ப்பது வாடிக்கையாளரின் கடமை அல்லவா என்று கேட்கலாம். கடமைதான். ஆனால், தான் தொடாத ஒன்று தானே மாறியிருக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. மேலும், பிழையைத் திருத்த முன்பிருந்த அவகாசம் இன்று இல்லை. முன்பு நெஃப்ட் வங்கி வேலை நாட்களில் மட்டுமே இயங்கியது. 2019 டிசம்பர் 16 முதல் அதுவும், 2020 டிசம்பர் 14 முதல் ஆர்டிஜிஎஸ் முறையும் எல்லா நாட்களிலும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. ஞாயிறு இரவில் தவறான தேதியை உறுதி செய்தாலும், திங்கள் காலை கிளைக்கு ஓடிவந்து தடுக்க இயலாது.

ஆகவே, செயலியை வடிவமைப்பவர்கள் ‘சரி’ பொத்தானைச் சோதிக்கும் அதே அக்கறையோடு ‘ரத்து’ பொத்தானையும் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து. வங்கிகள் அதை வற்புறுத்திக் கேட்க வேண்டும்.

அதுவரை வாடிக்கையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாட்காட்டியை எவ்வகையில் மூடினாலும் தேதிக் கட்டத்தை மறுமுறை பாருங்கள். ரகசிய எண்ணை இடுமுன் தொகை, பெறுநர் பெயர் ஆகியவற்றோடு தேதியையும் வாய்விட்டுப் படியுங்கள். தேதி தானாக மாறியிருந்தால் திரையைப் படமெடுத்துக் கிளையில் புகார் கொடுங்கள். அந்த ஆசிரியை அப்படி எழுதித் தந்த புகார்தான் இந்தக் குறையை என் கண்ணுக்குக் காட்டியது.