அந்தமானில் டீசல் எஞ்சினை அணைப்பதற்கு முன்

தெற்கு அந்தமானில் மழை மே மாதம் பிடித்தால் டிசம்பர் வரை விடுவதில்லை. காட்டை ஒட்டி ஓடும் 11 கிலோவோல்ட் லைனில் கிளை முறிந்து விழுவதும், தென்னை மட்டை சிக்கிக்கொள்வதும் அங்கே புதுமையல்ல. அப்படி விழுந்த கணத்தில், மின்நிலையத்திலிருந்து வழக்கத்தைப்போலப் பல மடங்கு மின்சாரம் அந்த இடத்துக்குப் பாய்கிறது. இதுதான் ஃபால்ட் கரன்ட். ரிலே அதை உணர்ந்து பிரேக்கரைத் திறக்கச் சொல்கிறது; ஃபீடர் அணைகிறது; லைன்மேன் கிளம்புகிறார். ஊர் இருட்டாகிவிட்டதே என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். உண்மையில், பாதுகாப்பு ஏற்பாடு சரியாக வேலை செய்திருக்கிறது.

பெருநிலத்தில் ஃபால்ட் கரன்ட் என்றாலே, அது அளவுக்கு மீறிவிடக் கூடாது என்பதுதான் கவலை. 40 கிலோ ஆம்பியரைத் துண்டிக்கும் திறனோடு கட்டப்பட்ட பழைய 400 கிலோவோல்ட் துணை மின்நிலையங்கள் நம் நாட்டில் பல உண்டு. புதிய அனல்மின் நிலையங்களும் லைன்களும் வந்து சேரச் சேர, அங்கே ஷார்ட் சர்க்யூட்டில் பாயக்கூடிய மின்சாரம் அந்த எல்லையை நெருங்குகிறது. அதனால் பஸ்ஸை, அதாவது லைன்கள் எல்லாம் வந்து சேரும் பொதுக் கடத்தியைப் பிரிக்கிறார்கள், தொடர் ரியாக்டர் வைக்கிறார்கள், 63 கிலோ ஆம்பியர் பிரேக்கருக்கு மாறுகிறார்கள். நம் கல்லூரிகள் சொல்லித்தருவதும் பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான்.

அந்தமானில் கவலைப்பட வேண்டியது இதற்கு நேர்மாறானது. தேசிய மின்தொகுப்போடு இணைப்பே இல்லாத தீவுகள் அவை. போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சுற்றுவட்டாரமானாலும், இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டத்தை நம்பிக் குடியேறிய கச்சால் தீவானாலும், அந்தந்தத் தீவின் மின்நிலையமே கதி. வடக்கு அந்தமானில் 5.25 மெகாவாட் கல்பாங் நீர்மின் நிலையம் ஒன்று இருக்கிறது. மற்றபடி பெரும்பங்கு கப்பலில் வந்திறங்கும் டீசலிலிருந்துதான். செலவும் அதிகம், புகையும் அதிகம். ஆகவே அதைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. நெய்வேலியின் என்எல்சி நிறுவனம் தெற்கு அந்தமானில் 8 மெகாவாட்-மணி பேட்டரியோடு அமைத்த 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் சரியான திசையில் வைத்த அடி.

ஆனால் டீசல் ஆல்டர்னேட்டர் யூனிட்டுகளை மட்டும் தருவதில்லை. ஃபால்ட் கரன்டையும் அதுதான் தருகிறது. ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். 11 கிலோவோல்ட், 5 எம்விஏ ஆல்டர்னேட்டரின் முழுச்சுமை மின்னோட்டம் சுமார் 262 ஆம்பியர். அதன் முனையில் ஷார்ட் ஆனால் முதல் சில சுற்றுகளில் ஏறத்தாழ ஐந்து மடங்கு, அதாவது 1,300 ஆம்பியர் பாயும். நான்கு இயந்திரங்கள் ஓடினால் 5,200. இப்போது நான்கையும் நிறுத்திவிட்டு, அதே 20 எம்விஏ திறனுள்ள பேட்டரி இன்வெர்ட்டரில் ஊரை ஓட்டுகிறோம் என்று வையுங்கள். உள்ளே இருக்கும் குறைகடத்திகள் அதிகச் சூட்டைத் தாங்காது. அதனால் இன்வெர்ட்டர் தன் முழுச்சுமையைப்போல 1.2 மடங்கோடு தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். கிடைப்பது 1,260 ஆம்பியர்தான். 1,500 ஆம்பியரில் உடனே இயங்கும்படி வைத்த ரிலே இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும்.

இன்னொன்றும் உண்டு, இது பலருக்கும் தோன்றுவதில்லை. அறுந்து தரையில் விழுந்த கம்பியைக் கண்டுபிடிப்பது எர்த் ஃபால்ட் ரிலே. பல டீசல் நிலையங்களில் அதற்குத் தேவையான பாதை, ஆல்டர்னேட்டரின் நியூட்ரல் வழியாகத்தான் பூமிக்குப் போகிறது. இயந்திரத்தை நிறுத்தினால் அந்த இணைப்பும் போயிற்று. அதே பஸ்ஸில் தனி எர்த்திங் டிரான்ஸ்ஃபார்மர் இல்லையென்றால், ஈரத்தரையில் கிடக்கும் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். காலையில் அந்த வழியே முதலில் நடப்பவர் யாராகவும் இருக்கலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில் பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு ஃபால்ட் ஏற்பட்டது. நாடு முழுவதும் இருண்டது. விடுமுறை நாள், தேவை குறைவு, உற்பத்தியில் பாதிக்கு மேல் சூரிய சக்தி. சுழலும் இயந்திரங்கள் சொற்பம். நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோய், மீட்கப் பல நாட்கள் பிடித்தன. அங்கே முதன்மையாகப் பேசப்பட்டது நிலைமக் குறைவு, அதாவது அதிர்வெண் சட்டென்று சரியாமல் தாங்கும் சுழல் எடை குறைந்தது. இருந்தாலும் நிலைமக் குறைவும் ஃபால்ட் கரன்ட் குறைவும் ஒரே வேரில் முளைத்தவை: சுழலும் இயந்திரங்கள் குறைவது. இலங்கையோடு ஒப்பிட்டால் அந்தமானின் மின்தொகுப்பு மிகமிகச் சிறியது.

பரிகாரம் இல்லாமல் இல்லை. தெற்கு ஆஸ்திரேலியா 2021-இல் நான்கு பெரிய சின்க்ரனஸ் கண்டன்சர்களை இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. எரிபொருள் இல்லாமல், மின்தொகுப்போடு சேர்ந்து சும்மா சுழலும் இயந்திரங்கள் இவை. ஃபால்ட் நேரத்தில் கரன்டைக் கொட்டும். அந்தமானில் ஓய்வுபெறும் ஆல்டர்னேட்டர்கள் சிலவற்றை எஞ்சினிலிருந்து கழற்றி இதற்கு மாற்ற முடியுமா என்று பார்க்கலாம். முக்கிய லைன்களுக்கு இரு முனைகளையும் ஒப்பிடும் டிஃபரென்ஷியல் ரிலே போடலாம். அதற்கு ஃபால்ட் கரன்ட் பெரிதாக இருக்கத் தேவையில்லை. டீசல் ஓடும்போது ஒரு செட்டிங், பேட்டரியில் ஓடும்போது வேறு செட்டிங் என்று நவீன ரிலேயில் வைத்துக்கொள்ளலாம்.

ஒடிசாவின் பாராதீப்பிலிருந்து கடலடி மின்கேபிள் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று சிலர் நம்புகிறார்கள். அந்த யோசனை நேர்மின்னோட்டக் கேபிளுக்கானது. கரையேறும் இடத்தில் அதுவும் மின்னணு மாற்றி ஒன்றின் வழியாகவே வர வேண்டும். அந்த மாற்றியும் இன்வெர்ட்டரைப்போலத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். யூனிட் வரும், ஃபால்ட் கரன்ட் அதே அளவில் வராது.

பிரேக்கரின் திறனைத் தீர்மானிப்பது அதிகபட்ச ஃபால்ட் கரன்ட். ரிலேயின் செட்டிங்கைத் தீர்மானிப்பது குறைந்தபட்சம். பெருநிலத்தில் இரண்டுக்கும் இடைவெளி அவ்வளவாக இல்லை. தீவில் பகலுக்கும் இரவுக்கும் ஃபால்ட் கரன்ட் நான்கு மடங்கு மாறலாம். ஆகவே மத்திய மின்சார ஆணையமும், அந்தமானுக்குக் கட்டணம் நிர்ணயிக்கும் கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் ஒரு நிபந்தனை விதிக்க வேண்டும்: எந்தத் தீவிலும் கடைசி டீசல் இயந்திரத்தை நிறுத்துவதற்கு முன், அந்தத் தீவின் இரண்டு எல்லைகளுக்குமான ஃபால்ட் கணக்கும், அதற்கேற்ப மாற்றிய ரிலே செட்டிங்கும், எர்த்திங் ஏற்பாடும் வெளியிடப்பட வேண்டும். கிரேட் நிக்கோபாரில் திட்டமிட்டுள்ள 450 எம்விஏ எரிவாயு-சூரிய மின்நிலையத்துக்கும் இதே நிபந்தனை பொருந்த வேண்டும்.