அட்டையில் மூன்று தேதிகள்

சென்ற மாதம் புறநோயாளிப் பிரிவுக்கு ஒரு தலைப்பிரசவப் பெண் வந்தாள், கூடவே அவளுடைய அம்மா. மேசையில் வைத்த அட்டையில் மூன்று தேதிகள். மாதவிலக்குக் கணக்கில் 4. ஐந்தாம் மாத ஸ்கேனில் 9. எட்டாம் மாத ஸ்கேனில் 21. “இதுல எது தாண்டினா நாங்க பயப்படணும் டாக்டர்?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லும் தாள், எட்டாவது வார ஸ்கேன் ரிப்போர்ட், மாமியார் வீட்டு பீரோவில் இருந்தது. வளைகாப்பு முடிந்து தாய்வீடு வரும்போது சேலையும் வளையலும் வந்துவிடுகின்றன, முதல் ஸ்கேன் வருவதில்லை. வாட்ஸ்அப்பில் படம் வரவழைத்துப் பார்த்தோம்: 6. ஆக, 4 என்பதே சரி. அந்த 21 பிரசவத் தேதியே அல்ல. பிள்ளையின் வளர்ச்சி பின்தங்குகிறதா என்று பார்க்கச் சொன்ன எச்சரிக்கையை யாரோ தேதியாக எழுதிவிட்டார்கள். அன்றே டாப்ளருக்கு அனுப்பினோம்.

எல்லோரும் படித்த பாடம்தான். 9 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன், மாதவிலக்குக் கணக்கிலிருந்து 5 நாளுக்கு மேல் விலகினால்தான் ஸ்கேன் தேதியை எடுக்கிறோம். அதிலிருந்து 13 வாரம் 6 நாள் வரை என்றால் 7 நாள். அப்படி முடிவான தேதியைப் பிறகு தொடக்கூடாது. கடைசி மூன்று மாத ஸ்கேனைப் பார்த்துத் தேதியைத் தள்ளிப்போட்டால், வளராத பிள்ளையை நாமே மறைத்துவைக்கிறோம்.

சரியான தேதிதான் என்றாலும் அது ஒரு மதிப்பீடு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 9 மாதம் 7 நாள் கூட்டும் நேகெலே கணக்கு, எல்லாப் பெண்ணுக்கும் 28 நாள் சுழற்சி என்று எண்ணிப் போட்டது. அந்த ஒரே நாளில் பிறக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். தலைச்சன் பிள்ளை நாள் தாண்டுவது சர்வசாதாரணம். ஆனால் அட்டையில் வட்டம் போட்டுக் கொடுப்பது நாம். அந்த நாள் வந்ததும் சித்தி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரும் போன் போட்டு “இன்னும் வலி வரலையா?” என்று கேட்டால் குடும்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

வட்டத்துக்குள் இருக்கும் தேதியைவிட, அதைச் சுற்றி நடப்பதைத்தான் 36ஆம் வாரத்தில் சொல்ல வேண்டும். சூட்டு வலியா, பிள்ளை வலியா என்று சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்க்கும் பாட்டியை நான் கேலி செய்யமாட்டேன். ஓய்வில் அடங்குகிறதா, விடாமல் வலுக்கிறதா என்றுதான் அவரும் பார்க்கிறார். ஆனால் பனிக்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், கஷாயத்துக்கு நேரம் கிடையாது. அதேபோல், நாள் நெருங்கினால் பிள்ளை அசைவு குறையும் என்ற பேச்சை அன்றே வெட்டிவிட வேண்டும். அது பொய். அசைவு குறைந்தால் ராத்திரி இரண்டு மணி என்றாலும் வரச் சொல்லுங்கள். வந்தவளை “இதுக்கா வந்தே?” என்று கேட்டு அனுப்பாதீர்கள்.

வலி வந்த பிறகு அவசரப்படுவது பெரும்பாலும் நாம்தான். கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகே பிரசவம் வேகம் பிடிக்கும் கட்டம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது. தலைப்பிரசவத்தில் அங்கிருந்து 12 மணி நேரம் வரை ஆகலாம் என்றும் சொன்னது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற பழைய கோட்டை இன்னும் கையில் வைத்துக்கொண்டு எத்தனை பேரைத் தியேட்டருக்குத் தள்ளுகிறோம்? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். தனியாரில் 64. எல்லாமே தேதி படுத்தும் பாடு அல்லதான். ஆனாலும் 40 வாரம் 1 நாளில் “டேட் தாண்டியது” என்று மட்டும் காரணம் எழுதிய பக்கங்களை நான் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன்.

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. 41 வாரம் நிறைந்தால் வலி வரவழைக்கலாம் என்பதே பரிந்துரை. அதைத் தாண்டத் தாண்டப் பிள்ளை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து ஏறுகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. 39 வாரத்திலேயே வலி வரவழைத்த அமெரிக்க ஆய்வு ஒன்று (2018, 6,106 தலைப்பிரசவப் பெண்கள்) சிசேரியன் 22.2இலிருந்து 18.6 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டியது. அதைச் சாக்காக வைத்துக் காலையில் ஜெல் வைத்து, சாயங்காலம் ‘முன்னேற்றம் இல்லை’ என்று எழுதுபவர்கள் அந்த ஆய்வைப் படிக்கவில்லை. தாயும் பிள்ளையும் நலமாக இருந்தால், பனிக்குடம் உடைத்து 12 மணி நேரமாவது ஆக்ஸிடோசின் ஓடாமல் தோல்வி என்று எழுதக்கூடாது.

சகாக்களிடம் ஒரு வேண்டுகோள். ஏழாம் மாதம் தாய்வீடு கிளம்பும் பெண்ணிடம் முதல் ஸ்கேனை அட்டையோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுங்கள். பிரசவத் தேதிக்குக் கீழே 41 வாரம் நிறையும் தேதியையும் எழுதி, இரண்டுக்கும் நடுவில் எத்தனை முறை வந்து பார்க்க வேண்டும் என்றும் குறித்துவிடுங்கள்.