அடுப்புக்கும் ஓய்வு உண்டா?

திருவிழா என்பது கும்பிட மட்டும் ஏற்பட்டதா? இல்லை. வழிபடவும், நாலு நல்ல வார்த்தை கேட்கவும், உற்றாருடன் களிக்கவும் சேர்த்தே நம்மவர் அதை வைத்தார்கள்.

பிரான்சின் லூர்து நகரில் மாதா காட்சி தந்தது 1858-இல் என்பது கத்தோலிக்கர் நம்பிக்கை. 19 ஆண்டுகளிலேயே, 1877-இல், மாதா சுரூபம் அந்நாட்டிலிருந்து வந்து வில்லியனூரில் நிறுவப்பட்டது. புதுவைக் கடலோரக் குருசுக்குப்பத்திலிருந்து வில்லியனூர் ஏறத்தாழ 10 கிலோமீட்டர்தான். ஈஸ்டரை அடுத்து அங்கே ஆண்டுத் திருவிழா. வேளாங்கண்ணியிலோ ஆகஸ்டு 29-இல் கொடியேறி, செப்டம்பர் 8-இல் நிறைவு.

இவ்விடங்களில் குடும்பத்தோடு தங்குகிறார்களே, ஓய்வு யாருக்கு? பிள்ளைகளுக்கு ராட்டினம், ஆண்களுக்கு ஊர்ப்பேச்சு. பெண்களுக்கோ வீட்டு அடுப்பு சத்திரத்து வாசலுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்! பிரசங்க நேரத்திலும் அவர்கள் கவனம் உலையில்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. பள்ளிக்கும் கோடை விடுமுறை. அப்போது பங்குக் கோயில்கள் குடும்பங்களைத் திரட்டி இரண்டு நாள் அழைத்துச் செல்லலாம். காலையில் பூசை, பகலில் வேதாகமப் பேச்சும் கேள்வி பதிலும், மாலையில் விளையாட்டு. சமையல் பொதுவில் நடக்கட்டும். ஆண்கள் முறைவைத்துச் செய்யட்டும். ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாதா? நாட்கணக்கில் கடலில் தங்கும் படகுகளில் சோறு ஆக்குவது யார்?

பணிவிடையிலேயே மூழ்கிய மார்த்தாவையும், அமர்ந்து கேட்ட மரியாவையும் கத்தோலிக்கர் அறிவார்கள். மார்த்தாக்களும் உட்கார இடம் வேண்டும். அப்போதுதான் அது எல்லாருக்கும் திருவிழா.