ஐந்து கடல் மைலுக்குள் இழுவைமடி ஏன்?



தஞ்சாவூர் மாவட்டக் கடலோரத்தில் திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு என்று முறை வைத்துத்தான் தொழில் நடக்கிறது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்பது சட்டம். நாள் கணக்கு ஒழுங்காக நடக்கிறது. மைல் கணக்கைத்தான் மதிப்பாரில்லை.

நாட்டுப்படகுக்காரர்கள் நண்டுவலையைச் சாயங்காலம் போட்டு விடியலில் எடுப்பார்கள். ஞாயிறு போட்ட வலையைத் திங்கள் காலை எடுக்கப் போனால் சில நாள் வலைக்கு அடையாளமாக நட்ட கொடிக்கம்புகூட இருப்பதில்லை; உள்ளே வந்த விசைப்படகின் இழுவைமடியோடு போய்விடுகிறது. கடன் மட்டும் நிற்கிறது. நண்டுச்சதை எடுக்கும் பெண்களுக்கும் அன்று கூலி இல்லை. 2018-ல் கஜா புயலில் படகும் வலையும் பறிகொடுத்து, வட்டிக்கு வாங்கி மறுபடி கடலில் இறங்கிய குடும்பங்கள் இவை.

பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். கரையோரம் இரண்டு மூன்று பாகம் தண்ணீர்தான், அடியில் கடற்புல். நண்டும் இறாலும் குஞ்சாக ஒதுங்கி வளர்வது அதற்குள்தான். ஆவுளியா என்கிற கடல்பசு மேய்வதும் அதைத்தான். மடியின் பலகையும் சங்கிலியும் அந்தப் புல்லை வேரோடு பிடுங்குகின்றன. ஆவுளியாவுக்காகவே 2022-ல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசு பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்து உயிரோடு விட்ட மீனவர்களை அரசே பாராட்டியும் இருக்கிறது. அந்தக் கடலிலேயே இழுவைமடி ஓடலாம் என்றால் அறிவிப்பு எதற்கு?

புகார் சொன்னால் படகு நம்பரைக் கேட்கிறார்கள். இருட்டில் ஓடும் படகின் நம்பரை வள்ளத்தில் இருப்பவர் எப்படிப் படிப்பார்? படகு நிற்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸ்பாண்டரை விசைப்படகுகளில் அரசே பொருத்தி வருகிறது. அந்தப் பதிவை எடுத்துப் பார்த்தாலே யார் உள்ளே வந்தார் என்று தெரிந்துவிடும்.

விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்களும் எங்கள் சொந்தக்காரர்களே. அவர்கள் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. எல்லைக்கு வெளியே வலை இழுக்கட்டும். உள்ளே வரும் படகுக்கு மானிய டீசலை நிறுத்தி, அறுந்த வலைக்கான பணத்தை அதன் உரிமையாளரிடமே வாங்கித் தர வேண்டும். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் 15-ல் படகுகள் இறங்கும்போதே இது நடைமுறைக்கு வர வேண்டும்.

– நாட்டுப்படகு மீனவர் குடும்பத்து வாசகர்,
சேதுபாவாசத்திரம்.